தமிழில் எழுதிக் கொடுத்த தாள்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், மேடம். தற்பெருமையாகச் சொல்லவில்லை. செங்கல்பட்டு கோர்ட்டு வளாகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்ப்யூட்டர் வந்து, டைப் அடிக்க இரண்டு பெண்கள் வந்து, எல்லாம் ஆன பிறகும், கரண்ட் போன நேரத்தில் அவசர மனு என்றால் "சுப்புராமனைக் கூப்பிடு" என்றுதான் குரல் வரும். ஆறாம் வகுப்பில் ஒரு வாத்தியார் தலையில் குட்டிக் குட்டி வரவழைத்த எழுத்து அது. நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்களே, அந்தத் தாளையே பாருங்கள். ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பிரிசில்லாவின் வழக்கில் வந்த உத்தரவு இங்கிலீஷில் இருந்தது. அதை அவளுக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். உத்தரவின் கடைசியில், அறுபது நாளுக்குள் ஹைகோர்ட்டில் அப்பீல் செய்யலாம் என்று ஒரு வரி இருக்கிறது. என் தாளில் அந்த வரி இல்லை. ஏன் இல்லை என்கிறீர்கள். இலவச சட்ட உதவி மையத்திலிருந்து ஹெலன் என்று ஒரு வக்கீல் மெனக்கெட்டு வீடு தேடி வந்து கேட்கிறபோது, மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் நான் மறக்கிற ஆள் இல்லை. முப்பத்தோரு வருஷ குமாஸ்தா வேலையில் ஒரு வாய்தா தேதியை மறந்ததில்லை.

அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். காபி ஆறிவிடப்போகிறது, குடியுங்கள். என் மனைவி ராஜம் சிக்கரி கலக்கமாட்டாள்.

எங்கள் வக்கீல் நரசிம்மன் சாருக்கு வருவதெல்லாம் அடிபட்ட கேஸ்கள். ஈ.சி.ஆரில் கார் இடித்தவர்கள், மதுராந்தகம் பக்கத்துக் கல்குவாரிகளில் கை கால் நசுங்கியவர்கள். சார் கோர்ட்டில் பேசுவார், கையெழுத்துப் போடுவார். வார்டுக்குப் போய் ஆளைப் பார்ப்பது, பேப்பர் வாங்குவது, டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் நான். அவரை இதில் இழுக்காதீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவரும் இல்லை.

இழப்பீடு என்பது சதவீதக் கணக்கு, உங்களுக்குத் தெரியாததில்லை. அடிபட்டவனுக்கு எத்தனை சதவீதம் ஊனம் என்று டாக்டர் எழுதுகிறாரோ, மற்றதெல்லாம் அதன் பின்னால் போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டும் என்பார்கள். எங்கள் பூசாரி டாக்டர். அவர் எந்த நாளில் பார்க்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கல் விழுந்த அன்றைக்குப் பார்ப்பதில்லை. மாசக்கணக்கில் கழித்து, காயமெல்லாம் ஆறிய பிறகு, மடக்கு, நீட்டு என்று அளந்து பார்க்கிறார். அன்றைக்கு எவ்வளவு மடங்கவில்லையோ அவ்வளவுதான். வலித்துக்கொண்டு கிடந்த நாட்களுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் தெய்வநாயகி. திருவிடந்தையில் மீன் விற்கிற பெண். கார் இடித்து முழங்கை உடைந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சியை ஒருநாள் விடாமல் செய்தாள். சொம்பில் தண்ணீர் நிரப்பித் தூக்கினாள், பிறகு வாளியைத் தூக்கினாள். அளக்கிற அன்று டாக்டர் முன்னால் கையை மடக்கி, "பாரு சார், இன்னா மாரி மடங்குது" என்று வீரம் வேறு காட்டினாள். எட்டு சதவீதம் எழுதினார். எட்டு மாதம் கூடை தூக்காதவளுக்கு எட்டு சதவீதம். கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து என்னைக் கேட்டாள்:

"நல்லா ஆனது தப்பா சார்?"

ஒரு வாரம் அந்தக் கேள்வியோடுதான் சாப்பிட்டேன், தூங்கினேன். கடைசியில் புரிந்தது, ஆமாம், தப்புதான் என்று. குணமானவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. இதை நான் ஏற்படுத்தவில்லை, மேடம். எனக்கு முன்னால் படித்தவர்கள் ஏற்படுத்தியது. அதற்குள் ஏழைக்கு நாலு காசு வருகிற வழியைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

வழி மிகவும் சுலபம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கேஸ் எடுத்த அன்றைக்கே ஒரிஜினல் பேப்பரை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வோம். அவர்களிடம் இருந்தால் மழையில் நனையும், எலி கடிக்கும், இல்லையென்றால் இன்னொரு ஆபீஸ் ஆள் பேசிக் கேஸையே தூக்கிக்கொண்டு போய்விடுவான். டிஸ்சார்ஜ் சீட்டும் எங்களிடம் வந்துவிடும். அதுவோ இங்கிலீஷில் இருக்கும். மாத்திரை எப்போது, கட்டு எப்போது என்று அவர்களுக்குத் தெரியவேண்டாமா? நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். ஒரு முழுத்தாள், பெரிய எழுத்து, ஒன்று இரண்டு என்று எண் போட்டு. மாத்திரை இருக்கும், கட்டு இருக்கும், பத்தியம் இருக்கும். தினமும் மூட்டுகளை அசைக்கச் சொல்லும் வரி மட்டும் இருக்காது.

பொய் எழுதினதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பொய் எழுதினதில்லை. ஏதாவது ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

ஜோஷ்வா என்று ஒரு பையன், கல் உடைக்கிற கிரஷர் பெல்ட்டில் கை மாட்டினவன். அவனுக்கு மூன்று விரல் அப்படியே நின்றுவிட்டது. நல்ல சதவீதம். ஓலை வீடாக இருந்தது, இப்போது தளம் போட்டிருக்கிறான். அச்சிறுபாக்கம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பார்த்தேன். சட்டைப் பொத்தானை அவன் மனைவி போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தக் கையாலேயே கும்பிட்டான். அந்த மாதிரி இருபத்தேழு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் கும்பிடுகிறார்கள். பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

பயிற்சி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ராஜத்துக்கு நாலு வருஷம் முன்னால் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியாமல் அழுவாள். நான்தான் ஹால் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, தினமும் விரல்களைக் கோடு கோடாகச் சுவரில் மேலே ஏற்றச் சொன்னேன். அதோ, அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன பாருங்கள், தேதியோடு. ஒருநாள் விட்டாலும் கோபித்துக்கொள்வேன். மூன்று மாதத்தில் பரண்மேல் இருந்த பருப்பு டப்பாவை அவளே எடுத்தாள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சரி, தாவீதிடம் வருகிறேன்.

செய்யூர் பக்கத்து ஆள். அவன் அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி. இவன் கல்குவாரிக்குப் போனான். மூன்று வருஷத்துக்கு முன்னால் தை மாதத்தில், டிப்பரில் ஏற்றிக்கொண்டிருந்த கல் ஒன்று சரிந்து வலது பாதத்தின் மேல் விழுந்தது. ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. பாதத்தில் பிளேட் வைத்தார்கள். அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அவனுக்குச் சர்க்கரை இருப்பதும் தெரிந்தது. பிரிசில்லா அவன் மனைவி. படூர் அடுக்குமாடி வீடுகளில் கூட்டித் துடைக்கிற வேலை. வேலையை விட்டுவிட்டு வார்டு தரையிலேயே கிடந்தாள்.

டிஸ்சார்ஜ் அன்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"சார், இதுல இன்னா எய்திகீறாங்கோ? டாக்டரம்மா மடமடன்னு சொல்லிட்டுப் பூட்டாங்க. எனக்கு ஒண்ணும் மண்டைல ஏறல."

படித்தேன். மொத்தம் எட்டு வரி. சர்க்கரை மாத்திரை, காயத்துக்கு மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு என்று ஆறு வரி. ஏழாவது, கணுக்காலுக்கும் விரல்களுக்கும் தினசரிப் பயிற்சி. எட்டாவது, காய்ச்சலோ, துர்நாற்றமோ, விரல் கறுப்பதோ தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் திரும்பி வரவும். அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள்.

ஆறு எழுதினேன்.

ஏழாவதை விட்டது வழக்கம். எட்டாவதை ஏன் விட்டேன் என்று நானே பலதடவை யோசித்திருக்கிறேன். அந்த டாக்டரம்மா கெட்டிக்காரி. திரும்பப் போனால் மறுபடி சேர்த்துக்கொள்வார், தோல் ஒட்டுவார், பயிற்சி கொடுக்கிறவர்களைக் கட்டிலுக்கே அனுப்புவார். அளக்கிற நாளுக்குள் தாவீது தெய்வநாயகி மாதிரி காலை ஆட்டிக் காட்டுவான். அதைத் தடுக்கத்தான் விட்டேன். அவன் சாகவேண்டும் என்று நினைத்தவன் இல்லை நான். ஒரு சிவப்பு எறும்பை மிதிக்கத் தயங்குகிறவன்.

பிரிசில்லா அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அச்சு அடிச்ச மாரி கீது சார்" என்றாள். செய்யூர் ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். தினமும் காலையில் அதைப் படித்துப் பார்த்துத்தான் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். நான் எழுதியதை அவ்வளவு சிரத்தையாக யாரும் கடைப்பிடித்ததில்லை.

தாவீது ஒருவன்தான் கொஞ்சம் பிடிகொடுக்காத ஆள். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தபோது கோலை ஊன்றி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான். டாக்டர் பார்க்கிற தேதி இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

"தாவீது, தேதி வரைக்கும் கால நீட்டிப் படுத்திரு. இப்ப அசைச்சா பர்சன்டேஜ் போயிடும்" என்றேன்.

"பர்சன்டேஜ் இன்னாத்துக்கு சார் எனுக்கு? கால் நல்லா ஆயிட்சின்னா நான் வேலைக்குப் போய்க்கினு இருப்பேன்" என்றான். "திருவியாவுக்கு மலை மாதா கோயில் படி ஏறணும். இவளும் நேந்துகினு கீறா."

சிரித்த முகமாகத்தான் சொன்னான். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான், நடந்தே அந்தப் படியில் ஏறுவது. பணம் வேண்டாம் என்கிறவனுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? அவன் அம்மா காசியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, அசைத்தால் பிளேட் நழுவிவிடும் என்றேன். கிழவி கோலைப் பிடுங்கி ஒளித்துவைத்துவிட்டாள். அவள் பேச்சை மகன் தட்டமாட்டான். அதோடு படுத்துவிட்டான். எழுதினதில் பொய் இல்லை என்றேன் அல்லவா, சொன்னதில் ஒன்றிரண்டு இருக்கலாம்.

படுத்தே கிடந்த காலில் ரத்தம் எங்கே ஓடும்? அதில் சர்க்கரை வேறு. காயம் ஒரு பக்கம் மூடி இன்னொரு பக்கம் திறந்தது. ஒன்பது வாரம் போனது. வியாழக்கிழமை டாக்டர் தேதி. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகாமல் பிரிசில்லா எனக்குப் போன் செய்தாள்.

"சார், நாத்தம் வருது சார். கட்டு அவுத்தா வூட்டுல நிக்க முடியல. நேத்து நர்சம்மா சகுந்தலா பாத்துட்டு, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு ஓடுன்னாங்க. பேப்பர் கேப்பாங்களாமே. வந்து வாங்கிக்கவா?"

"பேப்பரெல்லாம் ஃபைல் பண்ணியாச்சு பிரிசில்லா, கோர்ட்டு திறந்தாத்தான் கிடைக்கும். பேப்பர் இல்லாம போனா முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க. வியாழக்கிழமை எப்படியும் பெரிய டாக்டர்கிட்டதானே போறோம்? காயம் ஆறும்போது வாடை வரத்தான் செய்யும்" என்றேன்.

பேப்பர் கோர்ட்டில் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த மேஜையின் இழுப்பறையில் இருந்தது.

நான் பொறுப்பில்லாதவன் இல்லை. மறுநாளே நேரில் போனேன். போகிற வழியில் ஒரு பாக்கெட் நல்ல ஊதுபத்தி வாங்கிக்கொண்டேன். கட்டைப் பிரித்துக் காட்டினாள். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. "இது இன்னா சார் கறுப்பு?" என்றாள். மருந்துக் கறை என்றேன். தாவீதுக்கு நெற்றி சுட்டது. என்னைப் பார்த்து, "வியாயக்கிழமைக்கு அப்புறமாச்சும் நடக்கலாமா சார்?" என்று கேட்டான். நடக்கலாம் என்றேன். ஊதுபத்தி நாலைக் கொளுத்தி வைத்துவிட்டு வந்தேன்.

நடுவில் மூன்றே நாள். இத்தனை வாரம் காத்தவன் மூன்று நாளுக்காகக் கெடுத்துக்கொள்வேனா? அன்றைக்கு நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

வியாழக்கிழமை ஷேர் ஆட்டோவை முழுசாகப் பேசிக் கூட்டிப்போனேன். அவனுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. டாக்டர் கட்டைப் பிரித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஸ்ட்ரெச்சர் கேட்டுச் சத்தம் போட்டார். நான் படிவத்தை நீட்டி, சதவீதத்தை மட்டும் போட்டுவிட்டால் நல்லது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "யார்யா நீ?" என்றார். குமாஸ்தா என்றேன். வெளியே போகச் சொன்னார். படிவம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் தொடைக்குக் கீழே காலை எடுத்தார்கள். விஷம் அதற்குள் உடம்பெங்கும் ஏறியிருந்தது. சனிக்கிழமை விடிவதற்குள் போய்விட்டான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள், எனக்கு அப்படித்தான் இருந்தது. அழுதேன். நிஜமாகவே அழுதேன், மேடம். ராஜத்தைக் கேளுங்கள், இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் கேஸ் கிடக்கிறதே. காயக் கேஸை மரணக் கேஸாக மாற்றி மனு எழுதினேன். பிரிசில்லாவிடம், எல்லாப் பேப்பரும் வேண்டும், சுவரில் மாட்டியிருக்கிற அந்தத் தாளும் வேண்டும் என்றேன். கழற்றிக் கொடுத்தாள். லேமினேட் தாளைக் கையால் கிழிக்க வராது. கத்தரிக்கோலால் எட்டுத் துண்டாக வெட்டினேன். ராஜம் என்ன என்று கேட்டாள். பழைய காலண்டர் என்றேன். அந்த எழுத்தை வெட்டக் கை கொஞ்சம் கூசத்தான் செய்தது.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தேன். வக்கீல் ஆபீஸில் பேசியதை, போனில் பேசியதைக் கூண்டில் சொல்லக்கூடாது, சொன்னால் கேஸ் அடிபட்டுப்போகும் என்று. தலையாட்டினாள். அவள் எப்போதும் நான் சொன்னதைச் செய்கிறவள்.

குவாரிக் கம்பெனி பக்கத்து வக்கீல் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். காய்ச்சல், துர்நாற்றம், கறுப்பு வந்தால் உடனே வரச் சொல்லிக் கோடு போட்டிருக்கிறதே, ஏன் போகவில்லை என்று கேட்டார்.

"அப்டி ஒண்ணும் எய்தலையே சார். நான் தெனம் படிச்சிகினு இருந்தனே" என்றாள்.

"இதோ இருக்கும்மா" என்று சீட்டைக் காட்டினார். அவள் அந்த இங்கிலீஷைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை. நர்ஸ் சகுந்தலா சனிக்கிழமையே போகச் சொன்னதாகப் பதிவேட்டில் இருக்கிறதே, உண்மையா என்றார். உண்மை என்றாள். போனாயா என்றார்.

"இல்ல சார்."

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். நான் சொல்லிவைத்தது ஞாபகம் வந்திருக்கவேண்டும். "தெரியாம பண்ட்டேன் சார்" என்றாள். அவ்வளவுதான். கேஸ் அங்கேயே முடிந்தது. கல் விழுந்ததால் சாகவில்லை, குடும்பத்தாரின் அலட்சியத்தால் செத்தான் என்று உத்தரவு வந்தது. தள்ளுபடி.

அன்று படியில் இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள். "அந்தத் தாள்ல இருந்திச்சா சார்? நான்தான் ஒயுங்கா படிக்கலியா?"

"எவ்வளவோ எழுதியிருந்தேன் பிரிசில்லா. துக்கத்துல ஞாபகம் இருக்காது" என்றேன். கவனியுங்கள், அதிலும் பொய் இல்லை.

அதற்குப் பிறகு அவள் அதை நம்பிவிட்டாள், தன் கண்ணே தன்னை ஏமாற்றிவிட்டது என்று. காசியம்மாள் மருமகள் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுவதில்லையாம். "எம்புள்ள கால அழுக வுட்டுக் கொன்னவ" என்று தெருவில் நின்று சொல்கிறாளாம். கோலைப் பிடுங்கி ஒளித்தவள் தான்தான் என்பது கிழவிக்கு ஞாபகம் இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

உத்தரவை எடுத்துக்கொண்டு பிரிசில்லா என்னிடம்தான் வந்தாள், வேறு யாரிடம் போவாள்? தமிழில் எழுதிக் கொடுத்தேன். அப்பீல் வரியை விட்டேன். அப்பீல் போனால் சுவரில் இருந்த அந்தத் தாள் எங்கே என்று யாராவது கேட்பார்கள், அது ஒன்று. இன்னொன்று, அவள் நம்பி நம்பி ஓய்ந்துவிட்டாள், மேடம். இன்னும் அஞ்சு வருஷம் ஹைகோர்ட்டுக்கு அலையவிடுவது பாவமில்லையா? அவள் வேலை செய்கிற வீட்டு ஸ்ரீதேவி என்கிற அந்த ஐ.டி. அம்மாள் உத்தரவையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால், இதற்குள் பிரிசில்லா மனசு ஆறியிருப்பாள். அந்த அம்மாள் பார்த்தது எழுபதாவது நாள்.

இப்போது நீங்கள் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடப்போகிறீர்கள். அதற்கு என் வாக்குமூலம் வேண்டும். தாளும் பேனாவும் எடுத்து வைத்துவிட்டீர்கள். ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நான் இங்கே சொன்னதை எல்லாம் அப்படியே எழுதினால் கம்பெனி வக்கீல் என்ன சொல்வார்? ஆக, கல் கொல்லவில்லை, சுப்புராமன்தான் கொன்றான், எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்பார். அதோடு அவளுக்கு அந்தக் கதவும் சாத்திவிடும். எழுதாவிட்டால், அவள் அலட்சியத்தால் புருஷனைப் பறிகொடுத்தவள் என்பது ரெக்கார்டில் அப்படியே நிற்கும், அதை வைத்துக்கொண்டு ஹைகோர்ட்டிலும் ஒன்றும் கிடைக்காது. இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர். முப்பத்தோரு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

எது வேண்டும் என்று அவளையே கேட்கலாம் என்கிறீர்கள். கேட்கலாம்தான். ஆனால் கேட்டு என்ன ஆகப்போகிறது? தாவீதைக் கேட்டேனே. கால்தான் வேண்டும் என்றான். அவர்களுக்கு எது நல்லது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. இன்றைக்குப் பிரிசில்லா தப்பு தன்னுடையது என்று நினைக்கிறாள். தன் தப்பு என்றால் முழங்கால் போட்டு அழுது கரைத்துக்கொள்ளலாம். அடுத்தவன் தப்பு என்று தெரிந்தால் அந்தத் தீயை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்? அவளுக்கு இருக்கிற நிம்மதி அது ஒன்றுதான். அதையும் நான் எடுக்கவேண்டுமா?

நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம். ராஜம் பின்கட்டில் இருக்கிறாள், அவளுக்குக் காது மந்தம். நான் சொன்னதற்கு வேறு சாட்சி இல்லை என்று மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடைமுறை அப்படி.

கொடுங்கள் பேனாவை. எழுதித் தருகிறேன், மாட்டேன் என்று சொல்லவில்லை. படித்துப் பார்த்தால் உங்களுக்கே பிடிக்கும், ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. பிரிசில்லாவுக்குத் தேவைப்படாத ஒன்றிரண்டு வரிகளை மட்டும் விட்டுவிடுகிறேன். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான்.